ஓட்டப் பயிற்சி மென்பொருளில் பேஸ் ஸோன்களைச் சரியாக அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் நிதானமாக ஓடி முடிக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து மென்பொருளைத் திறந்தால் அதில் நாற்பது நிமிடம் ஸோன் 4, அதாவது கடினமான ஓட்டம், என்று பட்டை நிற்கிறது. இன்னொருவருக்கு நேர்மாறாக நடக்கிறது. மூச்சு வாங்க ஓடிய டெம்போ (நீடித்த வேக ஓட்டம்) முழுவதும் நிதான ஓட்டத்துக்கான ஸோன் 2-இல் போய் விழுகிறது. ஓட்டத்தில் கோளாறு இல்லை. மென்பொருளுக்குக் கொடுத்த எண்ணில்தான் கோளாறு.

பேஸ் என்பது ஒரு கி.மீ. ஓட ஆகும் நேரம். அதை மெதுவிலிருந்து வேகம்வரை அடுக்குகளாகப் பிரிப்பதுதான் பேஸ் ஸோன். அதற்கு அடிப்படை இரண்டே சங்கதிகள். ஒன்று, த்ரெஷோல்ட் பேஸ் என்ற ஒற்றை எண். மற்றது, அந்த எண்ணை வைத்து எல்லைகளைப் பிரிக்கும் சதவீத அட்டவணை. இரண்டும் ஒரே முறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒரு முறையில் எண்ணை எடுத்து வேறொரு முறையின் அட்டவணையில் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மென்பொருள் அதை எச்சரிக்காது. கொடுத்ததைப் பெருக்கிக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

கீழே முழுக்க ஒரே ஓட்டக்காரரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவருடைய த்ரெஷோல்ட் பேஸ் கி.மீ.க்கு 5:20. 10 கி.மீ. போட்டியைச் சுமார் 52 நிமிடத்தில் முடிப்பவர். உங்கள் எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: த்ரெஷோல்ட் பேஸைக் கண்டுபிடிப்பது

போட்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பேஸ்தான் த்ரெஷோல்ட் பேஸ். அதற்காகப் பயிற்சியில் ஒரு மணி நேரம் முழு மூச்சாக ஓட வேண்டியதில்லை. தனியாக 30 நிமிடம் முழு முயற்சியோடு ஓடினால் போதும். கூட்டமும் போட்டி உணர்வும் இல்லாதபோது யாரும் போட்டியில் கொடுக்கும் முயற்சியை முழுதாகக் கொடுப்பதில்லை. அதனால் தனியே ஓடும் 30 நிமிடத்தின் சராசரி, போட்டியில் ஓடும் ஒரு மணி நேரத்தின் சராசரிக்கு அருகில் வந்து நிற்கும். ஆனால் இதே 30 நிமிடத்தை ஒரு போட்டியின் நடுவே ஓடினால் கிடைக்கும் எண் கொஞ்சம் வேகமாகிவிடும். ஆகவே சோதனையைத் தனியாகத்தான் ஓட வேண்டும். பேஸ் பிடித்துக் கொடுக்க நண்பரைக் கூட்டிப் போகாதீர்கள்.

சோதனைக்கு முந்தைய இரண்டு நாளும் கடினமான ஓட்டம் வேண்டாம். வாட்சில் ஆட்டோ பாஸ் (நின்றால் பதிவைத் தானாக நிறுத்துவது), ஆட்டோ லேப் (ஓட்டத்தைத் தானாகப் பகுதிகளாகப் பிரிப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். இதயத்துடிப்புக்கு மார்புப் பட்டை கட்டுங்கள். மணிக்கட்டு சென்சார் சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு 170, 175 என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

15 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 20 வினாடி வேக ஓட்டம் நான்கு, இடையிடையே முழு ஓய்வோடு. இரண்டு மூன்று நிமிடம் நடந்துவிட்டு, வாட்சில் புதிய லேப் அடித்துத் தொடங்குங்கள். சரியாகப் பத்தாவது நிமிடத்தில் இன்னொரு லேப், முப்பதாவது நிமிடத்தில் கடைசி லேப். மொத்த 30 நிமிடத்தின் சராசரி பேஸ்தான் த்ரெஷோல்ட் பேஸ். பின் 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பு த்ரெஷோல்ட் துடிப்பு. அதையும் குறித்து வையுங்கள், பின்னால் சரிபார்க்கத் தேவைப்படும்.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில். 5:20 பேஸுக்கு 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 2:08 ஆக வேண்டும். முதல் இரண்டு சுற்றை 1:58-இல் ஓடியவருக்குப் பத்தாவது சுற்றில் 2:16, 2:18 என்று இழுக்க ஆரம்பிக்கும். அப்படிக் கிடைக்கும் சராசரி அவருடைய த்ரெஷோல்டைச் சொல்லாது, அவசரத்தைத்தான் சொல்லும். முதல் பத்து நிமிடத்துக்கும் கடைசிப் பத்து நிமிடத்துக்கும் கி.மீ.க்கு 5 வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு வாரம் கழித்து மறுபடி ஓடுவது நல்லது. முதல் முறை ஓடுபவர்களுக்கு இரண்டாவது சோதனைதான் பெரும்பாலும் நம்பத்தகுந்தது.

தூரத்தை வாட்சிடம் கேட்காதீர்கள்

இதைப் பலர் சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். ஓட்டத் தடத்தில் ஜிபிஎஸ் வளைவுகளைச் சரியாகப் பிடிக்காது. வரைபடத்தில் பார்த்தால் கோடு தடத்தைவிட்டு வெளியே அலைவது தெரியும். நம் ஓட்டக்காரர் 30 நிமிடத்தில் 14 சுற்றும் 30 மீட்டரும் ஓடினார், ஆக 5,630 மீட்டர். 1,800 வினாடியை 5.63-ஆல் வகுத்தால் 320 வினாடி, அதாவது 5:20. வாட்ச் இதையே 2 சதவீதம் கூட்டி 5.74 கி.மீ. என்று பதிந்திருந்தால் பேஸ் 5:14 ஆகியிருக்கும். அந்த ஆறு வினாடி ஒவ்வொரு ஸோன் எல்லையையும் வேகமான பக்கம் தள்ளிவிடும். அதன்பின் மூன்று மாதம் டெம்போ ஓட்டங்கள் எல்லாம் ஒரு பிடி அதிகமாகவே போகும்.

எனவே சுற்றுகளைக் கையால் எண்ணுங்கள். உள்தடத்தில் மட்டும் ஓடுங்கள். இரண்டாவது தடத்துக்கு நகர்ந்தால் ஒரு சுற்று சுமார் 407 மீட்டர் ஆகிவிடும். வாட்சில் தட ஓட்டத்துக்கென்று தனி முறை இருந்தால் தட எண்ணைச் சரியாகக் கொடுத்து அதைப் பயன்படுத்தலாம். தடம் கிடைக்காதவர்கள், அளவுக்கல் உள்ள சமதளச் சாலையில் போய்த் திரும்பி ஓடலாம். ஒரே திசையில் ஓடினால் காற்று உங்களுக்கு உதவிவிடும் அல்லது கெடுத்துவிடும். டிரெட்மில் வேண்டவே வேண்டாம். பெல்ட் காட்டும் வேகமும் வாட்ச் காட்டும் வேகமும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே அபூர்வம்.

வெயிலும் உயரமும்

சூட்டில் எடுத்த எண் சூட்டுக்கே பொருந்தும். சென்னையில் ஜனவரி விடியலில் எடுத்த த்ரெஷோல்டை வைத்துக்கொண்டு மே மாதம் ஓடினால், ஸோன் 2 என்று மென்பொருள் சொல்லும் பேஸில் இதயம் ஸோன் 3-க்கு மேல் துடிக்கும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுவதால் அதே பேஸுக்கு அதிகத் துடிப்பு தேவைப்படுகிறது. ஈரப்பதம் கூடும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும். வெப்பநிலைக்கு இத்தனை வினாடி கழி என்று சொல்லும் சூத்திரங்களை நம்புவதைவிட, பருவம் மாறும்போது ஒரு சோதனை ஓடிவிடுவது நேர்மையான வழி. ஏப்ரலிலிருந்து ஜூன்வரை நிதான ஓட்டங்களைத் துடிப்பை வைத்து ஓடிவிட்டு, பேஸ் ஸோனைத் தட வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான்.

உயரமும் அப்படியே. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் ஓடிய சோதனை சமவெளிக்கு உதவாது. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவதால் த்ரெஷோல்ட் அங்கே மெதுவாகத்தான் வரும்.

சோதனை ஓட முடியாவிட்டால்

அண்மையில் முழு முயற்சியோடு ஓடிய போட்டி இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். 10 கி.மீ.யை ஒரு மணி நேரத்தில் முடிப்பவருக்கு அந்தப் போட்டிப் பேஸே த்ரெஷோல்ட். 40 முதல் 52 நிமிடத்தில் முடிப்பவர் அதோடு 6, 7 வினாடி கூட்டிக்கொள்ள வேண்டும். 5 கி.மீ. நேரம் மட்டும் இருந்தால் அதன் பேஸோடு 15 முதல் 17 வினாடி கூட்டுங்கள். இந்த 5 கி.மீ. கணக்கு, 20 முதல் 25 நிமிடத்தில் முடிப்பவர்களுக்கு நன்றாக ஒத்துவரும். மாரத்தான் நேரத்திலிருந்து த்ரெஷோல்டைக் கணக்கிட வேண்டாம். முப்பதாவது கி.மீ.க்குமேல் நடந்தவரின் சராசரியில் த்ரெஷோல்ட் பற்றிய தகவல் எதுவுமே இருக்காது.

இன்னொரு வழி கிரிட்டிக்கல் ஸ்பீடு, அதாவது இரண்டு முழு முயற்சி ஓட்டங்களின் வித்தியாசத்திலிருந்து கணக்கிடும் வேகம். 3 நிமிடம் முழு முயற்சி ஒன்று, 12 நிமிடம் முழு முயற்சி ஒன்று. இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு, முடிந்தால் வேறு வேறு நாள். நம் ஓட்டக்காரர் 3 நிமிடத்தில் 690 மீட்டரும் 12 நிமிடத்தில் 2,430 மீட்டரும் ஓடுகிறார் என்று வையுங்கள். தூர வித்தியாசம் 1,740 மீட்டர், நேர வித்தியாசம் 540 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 3.22 மீட்டர், அதாவது கி.மீ.க்கு 5:10.

5:20-க்கும் 5:10-க்கும் முரண்பாடு கிடையாது. கிரிட்டிக்கல் ஸ்பீடு பொதுவாக த்ரெஷோல்டைவிடக் கொஞ்சம் வேகமாக வரும், ஏனென்றால் அது ஒரு மணி நேரம் தாங்கும் பேஸ் அல்ல. கிரிட்டிக்கல் ஸ்பீடை அடிப்படையாகக் கொண்ட அட்டவணையில் 5:10 போட வேண்டும். த்ரெஷோல்டை அடிப்படையாகக் கொண்ட அட்டவணையில் 5:20 போட வேண்டும். மாற்றிப் போட்டால் எல்லா ஸோனும் பத்து வினாடி நகர்ந்துவிடும்.

படி 2: அட்டவணையும் சதவீதக் குழப்பமும்

த்ரெஷோல்ட் பேஸுக்குப் பரவலாகப் பயன்படுவது பயிற்சியாளர் ஜோ ஃப்ரீலின் ஏழு ஸோன் அட்டவணை. 5:20-க்கு அது ஏறக்குறைய இப்படி வரும்:

ஸோன் 1: 6:53-ஐவிட மெதுவாக
ஸோன் 2: 6:53 முதல் 6:05 வரை
ஸோன் 3: 6:05 முதல் 5:39 வரை
ஸோன் 4: 5:39 முதல் 5:20 வரை
ஸோன் 5ஏ: 5:20 முதல் 5:10 வரை
ஸோன் 5பி: 5:10 முதல் 4:48 வரை
ஸோன் 5சி: 4:48-ஐவிட வேகமாக

இந்த எல்லைகள் த்ரெஷோல்ட் நேரத்தின் 129, 114, 106, 100, 97, 90 சதவீதம். இங்கே சதவீதம் கூடக்கூட ஓட்டம் மெதுவாகிறது, ஏனென்றால் கணக்கிடப்படுவது கி.மீ.க்கு ஆகும் நேரம். ஆனால் பல மென்பொருள்கள் வேகத்தின் சதவீதத்தைக் கேட்கின்றன. அதில் சதவீதம் கூடினால் ஓட்டம் வேகமாகும். அங்கே இதே எல்லைகளை 77.5, 87.7, 94.3, 100, 103.1, 111.1 என்றுதான் எழுத வேண்டும். நூறை நேரச் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் இவை கிடைத்துவிடும்.

வேகம் கேட்கும் கட்டத்தில் 106, 114, 129 என்று எழுதிவிட்டால் ஸோன் எல்லைகள் 5:02, 4:41 என்று த்ரெஷோல்டுக்கு மேலே போய்விடும். அன்றாட ஓட்டம் முழுதும் ஸோன் 1 ஆகிவிடும். இவ்வளவு பெரிய தவறு கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத வகை ஒன்று உண்டு. 110 சதவீத நேரமும் 90 சதவீத வேகமும் ஒன்றுதான் என்று மனக்கணக்கில் மாற்றிக்கொள்வது அது. 5:20-க்கு முதலாவது 5:52, இரண்டாவது 5:56. இங்கே வித்தியாசம் நான்கு வினாடிதான். ஆனால் 125 சதவீத நேரம் 6:40, 75 சதவீத வேகம் 7:07. நிதான ஓட்டத்தின் பக்கம் போகப் போக இடைவெளி 27 வினாடியாக விரிந்துவிடுகிறது.

உங்கள் மென்பொருள் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, ஒரு கட்டத்தில் 110 என்று போட்டுப் பாருங்கள். த்ரெஷோல்டைவிட மெதுவான பேஸ் வந்தால் நேரக் கணக்கு. வேகமான பேஸ் வந்தால் வேகக் கணக்கு.

படி 3: மென்பொருளில் ஏற்றுவது

ட்ரெய்னிங்பீக்ஸில் கணக்கு அமைப்புகளுக்குள் ஸோன்ஸ் பகுதியைத் திறந்து, ஸ்பீடு/பேஸ் தலைப்புக்குப் போங்கள். எல்லா விளையாட்டுக்கும் பொதுவான இயல்பு அமைப்பில் எழுதாமல், ஓட்டத்துக்கென்று தனி அமைப்பு சேர்த்து அதில் எழுதுங்கள். த்ரெஷோல்ட் கட்டத்தில் 5:20, கணக்கீட்டு முறையில் ஓட்டத்துக்கான ஜோ ஃப்ரீல் முறை, பிறகு கால்குலேட். வந்த எண்களை மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுச் சேமியுங்கள். கால்குலேட் அழுத்திவிட்டுச் சேமிக்காமல் வெளியே வருபவர்கள் நிறையப் பேர்.

இன்டர்வல்ஸ் ஐசியுவில் அமைப்புகள் பக்கத்தில் ஓட்டத்துக்கான பகுதியில் த்ரெஷோல்ட் பேஸ் கட்டம் இருக்கும். ஸோன் எல்லைகள் வேகச் சதவீதமாக இருக்கும், ஆகவே 77.5-இல் தொடங்கும் வரிசையைப் பயன்படுத்துங்கள். கோல்டன்சீட்டா கிரிட்டிக்கல் வெலாசிட்டியைக் (கிரிட்டிக்கல் ஸ்பீடுக்கே இன்னொரு பெயர்) கேட்கும், அங்கே போட வேண்டியது 5:10. அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் தொடக்கத் தேதி தரலாம்.

எந்த மென்பொருளானாலும் அலகைப் பாருங்கள். மைல் அலகில் இருக்கும் கட்டத்தில் 5:20 என்று எழுதினால் அது கி.மீ.க்கு 3:19 ஆகிவிடும். சரியான எண் மைலுக்கு 8:35. புள்ளியும் முக்கால்புள்ளியும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 5.33 நிமிடம் என்பது 5:20 தான், 5:33 அல்ல.

வாட்சுக்குள் தனியாக ஸோன் இருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓடும்போது மணிக்கட்டு ஒன்று சொல்லும், வீட்டில் திரை வேறொன்று சொல்லும். மலைச்சாலை ஓட்டம், டிரெட்மில் ஓட்டம் ஆகியவற்றை மென்பொருள் தனி வகையாக வைத்திருந்தால், அவை பழைய எண்ணிலேயே தங்கியிருக்கும். அவற்றையும் திறந்து பாருங்கள்.

படி 4: எண் சரியா என்று சோதிப்பது

ட்ரெய்னிங்பீக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல தராசு கையிலேயே இருக்கிறது. த்ரெஷோல்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஓட்டச் சுமை 100 புள்ளி என்பதுதான் அதன் வரையறை. ஆகவே உங்கள் 30 நிமிடச் சோதனைப் பகுதி மட்டும் 50-க்கு அருகில் வர வேண்டும். எப்போதாவது ஒரு மணி நேர ஓட்டம் 110 என்று வந்தால் உங்கள் த்ரெஷோல்ட் மெதுவாக அமைந்திருக்கிறது, அல்லது நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், அல்லது ஜிபிஎஸ் தூரத்தை ஊதிவிட்டது. நம் ஓட்டக்காரர் 6:30 பேஸில் ஒரு மணி நேரம் ஓடினால் 67 வர வேண்டும். அதாவது 320-ஐ 390-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, நூறால் பெருக்கிய எண்.

அடுத்தது களத்தில். த்ரெஷோல்ட் பேஸில் 10 நிமிடம் மூன்று முறை, இடையில் 2 நிமிட ஓய்வு. கடினமாக இருக்க வேண்டும், ஆனால் மூன்றையும் அதே பேஸில் முடிக்க முடிய வேண்டும். மூன்றாவதின் கடைசியில் துடிப்பு, நீங்கள் குறித்து வைத்த த்ரெஷோல்ட் துடிப்பைத் தொட வேண்டும். இரண்டாவதிலேயே பேஸ் உடைந்தால் எண் வேகமானது. மூன்று முடிந்தும் இன்னும் இரண்டு ஓடலாம் போலிருந்தால் எண் மெதுவானது. ஸோன் 2-இல் ஒரு மணி நேரம் ஓடும்போது துடிப்பு, த்ரெஷோல்ட் துடிப்பின் 85 முதல் 89 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்றும் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்.

போட்டி நேரங்களும் சாட்சி சொல்லும். நம்மவருக்கு அரை மாரத்தான் 1:56 பக்கம், அதாவது 5:30 பேஸ். அது ஸோன் 4-இல் விழுகிறது. முழு மாரத்தானுக்கு நன்றாகத் தயாரானால் 5:43 அளவில் வரும். அது ஸோன் 3-இன் வேகமான ஓரம். உங்கள் அரை மாரத்தான் பேஸ் ஸோன் 2-இல் விழுந்தால், முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

சரியாக அமைத்த பிறகும் படம் குழம்பினால்

சீராக ஓடிய ஓட்டத்தில் ஏழு ஸோனிலும் சில நிமிடங்கள் சிதறிக் கிடக்கும். கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே ஜிபிஎஸ் பேஸ் ஒரு வினாடி 5:40 என்றும் மறு வினாடி 6:20 என்றும் துள்ளுவதுதான் காரணம். ஸோன் எல்லைகளை மாற்றி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். ஷூவில் பொருத்தும் ஃபுட்பாட் என்ற சென்சார் இருந்தால் துள்ளல் வெகுவாகக் குறையும். இல்லையென்றால் லேப் சராசரியைப் பாருங்கள். 200 மீட்டர் இன்டர்வல்களில் (இடையிடையே ஓய்வெடுத்து ஓடும் வேக ஓட்டங்கள்) ஸோன் நேரத்தைப் பார்ப்பதே வீண். வாட்ச் வேகத்தைப் பிடிப்பதற்குள் இன்டர்வல் முடிந்துவிடும். அங்கே ஸ்டாப்வாட்ச் நேரமே கணக்கு.

மேடு பள்ளமான பாதையில் வெறும் பேஸை நம்ப முடியாது. ஏற்றத்தில் 6:40 ஓடியவர் த்ரெஷோல்ட் முயற்சியில் இருந்திருக்கலாம். சரிவைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பேஸை மென்பொருள் தருமானால் அதைப் பாருங்கள். கரடுமுரடான ஒற்றையடிப் பாதையில் அதுவும் உதவாது, ஏனென்றால் கல்லும் வேரும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

புதிய த்ரெஷோல்ட் கண்டுபிடித்திருக்கிறேன் என்று மென்பொருள் தானாகச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஓட்டத்தின் வரைபடத்தைத் திறங்கள். பாலத்துக்கு அடியில் கோடு தாவியிருக்கும், அல்லது ஓட்டம் முடிந்து வாட்சை நிறுத்தாமல் பைக்கில் ஏறியிருப்பீர்கள்.

புதிதாக ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. த்ரெஷோல்ட் 7:30 என்றால் ஸோன் 2 என்பது 8:33 முதல் 9:40 வரை வரும். அந்த பேஸில் ஓட்டம் நடையோடு கலந்துவிடும். அந்த நிலையில் கீழ் ஸோன்களுக்குத் துடிப்பையும் பேச்சையும் வைத்துக்கொள்வது மேல். நடந்து ஓடி, நடந்து ஓடிப் போகலாம், அதில் குறைவில்லை.

மறு சோதனை

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். புதியவர்களுக்கு முன்னேற்றம் வேகமாக இருப்பதால் நான்கு முதல் ஆறு வாரம். காய்ச்சலோ காயமோ வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாமல் இருந்தால், திரும்பி வந்து பத்து நாள் நிதானமாக ஓடிய பிறகு சோதியுங்கள். வந்த அன்றே சோதிக்க வேண்டாம்.

புதிய எண்ணைச் சோதனை நாளிலிருந்து மட்டும் செல்லுபடியாகும்படி வையுங்கள். போன வருட ஓட்டங்களுக்கெல்லாம் இன்றைய த்ரெஷோல்டைப் போட்டு மறுகணக்கிட்டால், அன்று கடினமாக ஓடியவை எல்லாம் லேசான ஓட்டங்களாக மாறி, பயிற்சிச் சுமை வரைபடம் முழுதும் குறைந்து காட்டும். ஒவ்வொரு சோதனையின் குறிப்பிலும் தடம், தொடங்கிய நேரம், வெப்பநிலை, ஷூ, சுற்று நேரங்கள், எண்ணிய தூரம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அடுத்த சோதனையை அதே தடத்தில், அதே நேரத்தில், அதே ஷூவில் ஓடுங்கள்.